ஓடைக்கரையில் கன்று நட அவசரம் வேண்டாம்

கேள்வி: எங்கள் குடியிருப்பின் பின்னால் ஓடும் ஓடை அடையாற்றின் கழிமுகத்தில் கலக்கிறது. கரை முழுக்கச் சீமைக்கருவேலமும் குப்பையும். நலச்சங்கத்தில் பணம் திரட்டிவிட்டோம். மழைக்கு முன் அலையாத்திக் கன்றுகள் நடலாமா?

பதில்: அந்தப் பணத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். கரையை விடுங்கள், முதலில் தண்ணீரைப் பாருங்கள்.

மழையே இல்லாத மே மாதக் காலையில் கரையோரம் நடந்து பாருங்கள். மழைநீர் வடிகாலின் வாயில் அப்போதும் நீர் ஒழுகினால், அது பெரும்பாலும் யாரோ திருட்டுத்தனமாக இணைத்த கழிவுநீர். சோப்பு நுரை, வழுவழுப்பான சாம்பல் நிறப் படிவு, சேற்றைக் கிளறினால் நெளியும் சிவப்புப் புழுக்கள் எல்லாம் அதற்குச் சாட்சி. ஒவ்வொரு வாயையும் படமெடுத்து இடம் குறியுங்கள். வடிகால் மாநகராட்சியுடையது, கழிவுநீர் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு, நீர்வழி நீர்வளத் துறையுடையது. மூவருக்கும் ஒரே மனுவைக் கொடுங்கள். இல்லையென்றால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். உங்கள் குடியிருப்பின் இணைப்பையும் சோதியுங்கள். சங்கடமான வேலைதான்!

அடுத்தது மேடுபள்ளம். அதே கழிமுகத்தில் 2011இல் திறக்கப்பட்ட 58 ஏக்கர் தொல்காப்பியப் பூங்காவிலும் முதலில் கட்டட இடிபாடுகளை அகற்றி, நீர் நிற்கவும் ஓடவும் இடம் செய்தார்கள். கன்றுகள் அதற்குப் பிறகுதான் வந்தன.

அலையாத்தி வளர வேண்டுமானால் கடல் ஏற்றம், அதாவது தினமும் ஏறி இறங்கும் கடல்நீர், அங்கே எட்ட வேண்டும். ஒரு குச்சியில் சாக்கட்டி தடவி ஓடையில் ஊன்றுங்கள். நீர் ஏறிய உயரம் வரை அழிந்திருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கட்டாயம் பாருங்கள். கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் ஏற்றம் உள்ளே வராது என்பதால், ஒரு பருவத்தோடு முடிவுக்கு வர வேண்டாம். ஏற்றம் எட்டும் சேற்றில் வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரம், சற்று மேலே உமரிச் செடி, கரையில் பூவரசும் தாழையும், மேட்டில் புங்கையும் புன்னையும் பொருந்தும்.

வெறும் சேறாகத் தெரியும் இடத்தையெல்லாம் நிரப்பிவிடாதீர்கள். ஒற்றைக் கொடுக்கு பெருத்த சிறுநண்டுகள் வளை தோண்டுவதும், உள்ளான் பறவைகள் இரை தேடுவதும் அங்கேதான். என்னைக் கேட்டால், பாதியைச் சும்மா விடுவதே நல்லது.

சீமைக்கருவேலத்தை ஒரே மூச்சில் பிடுங்கினால் வடகிழக்குப் பருவமழையில் கரை சரியும். துண்டு துண்டாக வேரோடு எடுத்து, அந்தந்த இடத்தில் உடனே வெட்டிவேர் வையுங்கள். பொக்லைன் கொண்டுவருவதற்கு முன் நீர்வளத் துறையின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். ஏற்றம் எட்டும் பகுதிக்குக் கடலோர ஒழுங்குமுறை விதிகளும் பொருந்தும். அதையும் சேர்த்தே விசாரியுங்கள்.