பழைய கடையின் முகப்பை இடிக்கும் முன்

கேள்வி: மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் எங்கள் பாட்டனார் காலத்து ஓட்டுக் கடையொன்று உண்டு. தொல்பொருள் திணைக்களத்துக்குத் தெரியவந்தால் அரசு எடுத்துக்கொள்ளும் என்றும், அதற்குமுன் முகப்பை இடித்துக் கண்ணாடி போட்டுவிட வேண்டும் என்றும் தரகர் சொல்கிறார். உண்மையா?

பதில்: உண்மையல்ல. பழையது என்ற ஒரே காரணத்தால் எந்தக் கட்டடமும் அரசுடையதாகிவிடாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி, தனியார் கட்டடத்தை அமைச்சர் வர்த்தமானியில் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தால்தான் கட்டுப்பாடு வரும். அப்போதும் காணி உறுதி உங்கள் பெயரிலேயே இருக்கும்; மாற்ற வேலைக்குத்தான் அனுமதி பெற வேண்டும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் கவனியுங்கள். போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை உங்கள் தீவிலேயே இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றிக் குறித்த தூரத்துக்குள் புதிதாகக் கட்டுவதைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. உங்கள் கடைக்குத் தனியாக எந்த அறிவிப்பும் இல்லாவிட்டாலும், மேல்மாடி எழுப்பும்போது இந்தக் கட்டுப்பாடு குறுக்கே வரலாம். தூரத்தைக் கண்ணால் மதிப்பிடாமல், நில அளவை வரைபடத்துடன் தொல்பொருள் திணைக்களத்துக்குச் சென்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். மாநகர சபையின் அனுமதி எப்படியும் தேவை. ஒரு கந்தோர் மற்றதைக் கைகாட்ட, ஒரே கோப்பு மாதக்கணக்கில் அலைவதை நானும் பார்த்துச் சலித்திருக்கிறேன். அந்தத் தாமதத்தை வைத்தே தரகர்கள் பிழைக்கிறார்கள். "உள்ளே ஆள் இருக்கிறார்" என்று முற்பணம் கேட்பவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். விண்ணப்பத்தை உங்கள் கையாலேயே கொடுத்து, திகதி முத்திரையிட்ட பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

இடிப்பதைவிடப் பெரிய ஆபத்து சீமெந்துப் பூச்சு. அக்காலத்துச் சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தால் எழுந்தவை. வாவி சூழ்ந்த மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும். சீமெந்து அதை உள்ளேயே அடைத்துவிடும். பிறகு முழங்கால் உயரத்தில் உப்புப் பூத்து, விரலால் சுரண்டினால் வெள்ளைப் பொடி கொட்டி, பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும். மேசன்மார் அப்போதும் சீமெந்தையே கூட்டிப் பூசச் சொல்வார்கள், இணங்காதீர்கள். 1978 நவம்பர்ச் சூறாவளி ஓடுகளை வாரிச் சென்ற இந்த நகரில், விறாந்தையும் மரத்தூண்களும் பலகைக் கதவுகளுமாக எஞ்சியிருக்கும் முகப்பு ஒவ்வொன்றும் அருமையானது. கூரை ஓடுகளையும் மழைநீர்ப் பீலியையும் முதலில் திருத்தி, சுவர் ஒரு கோடை முழுதும் காய்ந்த பின்னரே பூச்சு வேலையைத் தொடங்குங்கள்.