இந்தோனேசியாவில் ஊருக்குப் போய் வந்தால் சக ஊழியர்களுக்கு ஏதாவது வாங்கி வருவது கட்டாயமா?

ஜகார்த்தாவில் ஆறு வருடம் வேலை பார்த்தவன் நான். கட்டாயம் இல்லை. ஆனால் தயவுசெய்து வெறுங்கையோடு திரும்பாதீர்கள்.

லீவு என்று சொன்னதுமே "ஜாங்ஙான் லுப்பா ஓலே-ஓலே யா!" என்பார்கள். ஓலே-ஓலே என்றால் போன இடத்திலிருந்து கொண்டுவரும் பண்டம், 'மறந்துடாதீங்க' என்கிறார்கள். முதலில் எனக்கு இது பிடுங்கித் தின்பது போலத்தான் பட்டது. போகப்போகத்தான் புரிந்தது, நாம் 'போய்ட்டு வாங்க' என்று வழியனுப்புகிற மாதிரி அவர்கள் இதைச் சொல்கிறார்கள்.

முதல் தடவை யோக்யகர்த்தா சுற்றிவிட்டுச் சும்மா வந்தேன். ஒருவரும் குறை சொல்லவில்லை. அடுத்த வாரம், ஆபீஸில் எங்களுக்கு டீ போட்டுத் தரும் அம்மா தன் சொந்த ஊரான அதே யோக்யகர்த்தாவுக்குப் போய் வந்தார். என் மேசையிலும் இரண்டு பாக்பியா வைத்துவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் உறைத்தது.

பாக்பியா என்பது பச்சைப்பயறு பூரணம் வைத்துச் சுட்ட சின்ன பண்டம், சீனர்கள் வழியாக வந்தது. யோக்யகர்த்தாவின் பாத்தோக் பகுதியில் 25, 75 என்று வீட்டு எண்களே கடைப்பெயராகிவிட்டன. இப்படி ஊருக்கு ஒன்று உண்டு. செமாராங் என்றால் லும்பியா என்கிற பூரணம் வைத்த சுருள், அப்புறம் முள்ளும் மெத்தென்று ஆகும்வரை பிரஷரில் வேகவைத்த பண்டெங் மீன். பாலெம்பாங்குக்கு மீனும் மரவள்ளி மாவும் பிசைந்து செய்த பெம்பெக். பீகா அம்போன் என்ற கேக்கின் பெயரில் அம்போன் என்ற ஊர் இருந்தாலும் அது மேடான் ஊர்ப் பண்டம். விமான நிலையத்தில் கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகளைப் பார்த்தாலே யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று தெரியும்.

விலை முக்கியமில்லை. தலைக்கு ஒன்று வருகிற மாதிரி தின்பண்டமாக வாங்குங்கள். வாசல் காவலாளியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பலர் முஸ்லிம்கள், அதனால் ஹலால்தானா என்று பார்த்து வாங்குங்கள்.

நான் ராமநாதபுரத்துக்காரன். அடுத்த லீவில் கீழக்கரைத் தொதல் என்ற அல்வா மாதிரியான இனிப்பைக் கொண்டுபோனேன். காருத் ஊர்க்காரர் ஒருவர் வாயில் போட்டதும் "தோதோல்!" என்று கத்திவிட்டார். அவர் ஊரின் ஓலே-ஓலேயே தோதோல்தான்: அதே தேங்காய்ப்பால், அதே இழுவை. மீதியை ஒரு தாளில் சுற்றி, தன் அம்மாவிடம் காட்ட வேண்டும் என்று எடுத்துப் போனார்.