செடி நடுவே ஓடும் தண்ணீர்: கேள்வி பதில்

கேள்வி: செடி தண்ணீரின் வேகத்தைக் குறைக்கிறது. அப்போது கொந்தளிப்பும் குறையத்தானே வேண்டும்?

பதில்: அப்படி இல்லை. சராசரி வேகம் குறைவது உண்மைதான். ஆனால் இழந்த ஆற்றலில் பெரும்பகுதி தண்டுகளுக்குப் பின்னால் சின்னச் சின்னச் சுழல்களாக மாறுகிறது. ஐதாகச் செடி இருந்தால் வெறும் தரையைவிடக் கொந்தளிப்பு கூடவே செய்யும். அடர்த்தி ஏற ஏற வேகம் மிகவும் படுத்துவிடும், அப்புறம்தான் கொந்தளிப்பும் அடங்கும். செடி நடுவே நீரோட்டத்தை ஆராயும் ஹைடி நெப்ஃப் 1999-இல் இதை அழகாகக் காட்டினார்.

கேள்வி: மூழ்கிய செடிக்கும் தலை வெளியே தெரியும் செடிக்கும் வித்தியாசம் உண்டா?

பதில்: நிறைய உண்டு. எனக்குப் பிடித்தது மூழ்கிய செடிதான். செடிக்குள் தண்ணீர் மெதுவாகவும் அதற்கு மேலே வேகமாகவும் ஓடும். இரண்டும் உரசும் இடம் செடியின் உச்சி. அங்கே கெல்வின்-ஹெல்ம்ஹோல்ட்ஸ் நிலையின்மையால், அதாவது வேகம் வேறுபட்ட இரண்டு ஓட்டங்களின் எல்லை குலைந்து சுருள்வதால், பெரிய சுழல்கள் வரிசையாக உருண்டு போகும். அதனால் கொந்தளிப்பு உச்சத்தில் இருப்பது அடித்தரையில் அல்ல, செடியின் உச்சியில். வளையும் செடியானால் ஒவ்வொரு சுழல் கடக்கும்போதும் சாய்ந்து நிமிரும். மேலிருந்து பார்த்தால் காற்றடிக்கும் பயிர்வயல் மாதிரி அலை ஓடும். இதை மோனாமி என்பார்கள். செடி அடர்ந்திருந்தால் இந்தச் சுழல்கள் மேல்பகுதியோடு நின்றுவிடும், அடியில் இருக்கும் தண்ணீர் மேலே உள்ளதோடு மெதுவாகத்தான் கலந்து மாறும்.

நாணல், கோரை போலத் தலை வெளியே இருப்பவற்றில் இந்த உச்சி அடுக்கே கிடையாது. தண்டுச் சுழல்கள்தான்.

கேள்வி: வாய்க்கால் கணக்கில் இதை எப்படிச் சேர்ப்பது?

பதில்: வழக்கம்போல மானிங் கெழுதான், அதாவது வாய்க்கால் ஓட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் எண். சுத்தமான, நேரான மண் வாய்க்காலுக்குச் சுமார் 0.022, நீர்மட்டம் வரை அடர்ந்த களைக்குச் சுமார் 0.08. சரிவும் ஆழமும் மாறாவிட்டால் வேகம் ஏறக்குறைய கால்பங்காகிவிடும். ஆனால் வெள்ளத்தில் செடி படுத்துக்கொள்ளும், கெழுவும் இறங்கும். எல்லா நீர்மட்டத்துக்கும் ஒரே எண்ணைப் போடாதீர்கள்.

கேள்வி: செடி இருந்தால் வண்டல் படியும் என்கிறார்கள். செடித்திட்டின் ஓரத்தில் பள்ளம் விழுகிறதே?

பதில்: இரண்டும் நடக்கும். திட்டு தண்ணீரை ஒதுக்கிவிடுவதால் பக்கவாட்டில் வேகம் கூடி அரிக்கும், பின்னால் படியும். ஐதான திட்டுக்குள் தண்டுச் சுழல்களே மணலைக் கிளப்பிவிடும்.

கேள்வி: சோதனையில் செடிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் குச்சி போதுமா?

பதில்: நாணலுக்குச் சரி. இலையுள்ள, வளையும் செடிக்கு ஒத்துவராது. குச்சியில் இழுவிசை (தண்ணீர் அதைத் தள்ளும் விசை) வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும், வளையும் செடியில் அதைவிடக் குறைவாகத்தான் ஏறும். நிஜச் செடியில் ஒலி டாப்ளர் கருவியால் (ஒலியலையை அனுப்பித் தண்ணீரின் வேகத்தை அறியும் கருவி) அளந்தால், இலை குறுக்கே வந்து தரவைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.