தாய்மொழி ஆசிரியர்கள் மட்டும்

அன்புள்ள ஐயா,

சில மாதங்களாக இணையவழியில் ஜெர்மன் படிக்கிறேன். சொல்லித்தருபவர் தமிழர், வேலைக்குப் போன பிறகு ஜெர்மன் கற்றவர். ஜெர்மனியில் பிறந்து வளர்ந்தவரின் வகுப்புக்கு மாறு, இல்லாவிட்டால் உச்சரிப்பு கெட்டுவிடும் என்கிறார்கள் நண்பர்கள். அங்கே கட்டணம் இரண்டு மடங்கு. மாறலாமா? சான்றிதழ்த் தேர்வுக்கு எது நல்லது?

ச.

அன்புள்ள ச.,

'தாய்மொழி ஆசிரியர்கள் மட்டும்', அதாவது கற்பிக்கும் மொழியே தாய்மொழியாக இருப்பவர்கள் மட்டும் தேவை என்ற ஒரு விளம்பரத்தைப் பார்த்து முந்தாநாள்தான் பொருமிக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் சரியாக வந்து மாட்டியது.

தேர்வை எழுதப்போவது நீங்கள், ஆசிரியர் இல்லை. உச்சரிப்புக்கு ஜெர்மன் வானொலி இருக்கிறது, தினமும் காதில் விழட்டும். இந்த இரண்டையும் விட்டுவிடுவோம்.

மாறலாமா என்று கேட்பவர், இப்போதைய ஆசிரியரிடம் என்ன குறை கண்டீர்கள் என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டாமா? அவர் தமிழர் என்பதே குறையாகப் பட்டுவிட்டது, இல்லையா? எனக்குக் கோபம் வருகிறது.

இது உங்கள் நண்பர்களின் சொந்தச் சரக்கும் இல்லை. 1961இல் உகாண்டாவின் மக்கெரேரேயில் ஆங்கிலம் கற்பிப்பது பற்றி ஒரு மாநாடு நடந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரே சிறந்த ஆசிரியர் என்ற நம்பிக்கைக்கு அங்கே கொள்கை அந்தஸ்து கிடைத்தது. அது பொய்யான நம்பிக்கை என்று 1992இல் மொழியியலாளர் ராபர்ட் பிலிப்சன் விரிவாகவே எழுதினார். ஆனால் தென்கொரியாவில் ஆங்கில ஆசிரியர் விசா என்றால் ஆங்கிலம் பேசும் ஏழு நாட்டுக் குடிமக்களுக்கு என்பதே வழக்கமாக இருந்துவந்தது. பாடம் நடத்தத் தெரியுமா என்பதெல்லாம் அப்புறம், முதலில் பாஸ்போர்ட்!

எனக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுத்த அம்மையாரும் வயதுவந்த பிறகு அதைப் படித்தவர்தான். ஜெர்மனில் சிறுமி என்பதற்கான 'மேட்ஷென்' பெண்பால் இல்லை, அஃறிணை போல ஒரு நடுப்பால். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "தமிழில் ஆளைப் பார்த்துப் பால் சொல்கிறோம். இங்கே சொல்லின் வாலைப் பாருங்கள். செல்லமாகச் சுருக்கும் 'ஷென்' சேர்ந்தால் நடுப்பால். 'உங்' என்று முடிந்தால் பெரும்பாலும் பெண்பால்" என்றார். நாங்கள் எங்கே இடறுவோம் என்பது அவருக்கு முன்பே தெரியும், அவரும் அங்கேதான் இடறியிருக்கிறார். ஒருநாள் தன் பழைய நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். சிவப்பு மை படாத பக்கமே அதில் இல்லை. வாய்திறக்க எனக்கிருந்த பயம் அதன் பிறகுதான் விட்டது.

பிறகு ஒரு ஜெர்மானியரிடமும் போனேன். அருமையான மனிதர், மணிக்கணக்கில் பேசுவார். ஏன் என்று கேட்டால் மட்டும் "நாங்கள் அப்படித்தான் சொல்வோம்" என்பார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. 'நான் பசிக்கிறேன்' என்று சொல்லாமல் 'எனக்குப் பசிக்கிறது' என்று ஏன் சொல்கிறீர்கள் என்று தமிழ் படிக்கும் ஒருவர் கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? முறையாகப் பயிற்சி பெற்ற ஜெர்மானியர் விளக்கியிருப்பார், அது வேறு விஷயம். அந்த விளக்கம் பயிற்சியில் வந்தது, பிறப்பில் வந்ததில்லை.

சரி, உங்கள் விஷயம். உங்கள் ஆசிரியர் பிழைகளைத் திருத்துகிறாரா, கேள்விக்குப் பதில் சொல்கிறாரா? ஆம் என்றால் அங்கேயே இருங்கள் தம்பி. மிச்சமாகும் பணத்தில், பேசிப் பழகுவதற்கு மட்டும் ஒரு ஜெர்மானியரிடம் அவ்வப்போது போய் உட்காருங்கள். அறிவுரை சொன்ன நண்பர்களில் எத்தனை பேர் ஜெர்மன் படித்திருக்கிறார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள்.