புதுப் பயிற்சியாளர் வந்த முதல் சீசனிலேயே ஒரு கால்பந்து அணி கோப்பைகளை அள்ளியதுண்டா? அது அவருடைய திறமையா, ஏற்கெனவே இருந்த அணியின் பலமா?

உண்டு. போர்ச்சுகலின் போர்ட்டோ, 2010-11 சீசன். திறமை யாருடையது என்ற இரண்டாவது கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது, கதையைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

1994இல் இங்கிலாந்துக்காரரான பாபி ராப்சன் போர்ட்டோவுக்குப் பயிற்சியாளராக வந்தார். அவர் குடியிருந்த அடுக்குமாடியிலேயே பள்ளிக்கூடப் பையன் ஒருவனும் இருந்தான். பாட்டி ஆங்கிலேயர் என்பதால் அவனுக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. டொமிங்கோஸ் பசியேன்சியா என்ற முன்கள வீரரை ஏன் சரியாக ஆடவிடுவதில்லை என்று கேட்டு ராப்சனுக்கே ஒரு கடிதம் எழுதிப் போட்டான். வேறு ஆளாக இருந்தால் கசக்கிக் குப்பையில் போட்டிருப்பார். ராப்சன் அவனைக் கூப்பிட்டுப் பேசினார், சொல்வதற்கு ஆதாரம் கேட்டார். அவன் கொண்டுவந்ததைப் பார்த்துவிட்டு கிளப்புக்குள்ளேயே சேர்த்துக்கொண்டார், ஸ்காட்லாந்தில் பயிற்சியாளர் படிப்புக்கும் வழி செய்துகொடுத்தார். அந்தப் பையன்தான் ஆந்த்ரே வில்லாஸ்-போவாஸ். டொமிங்கோஸ் என்ற பெயரையும் மறந்துவிடாதீர்கள், பின்னால் வருவார்.

அப்புறம் பல வருடம் பிரபல பயிற்சியாளர் மொரின்யோவின் ஆளாக எதிரணிகளை வேவு பார்த்து அறிக்கை எழுதினார். 2009 அக்டோபரில், ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் பட்டியலின் அடியில் கிடந்த அகாதெமிக்கா என்ற போர்ச்சுகல் கிளப்புக்குப் போய் அதைக் கரை சேர்த்தார். தலைமைப் பயிற்சியாளராக அவர் கையில் இருந்த அனுபவம் அவ்வளவுதான். 2010 ஜூனில் போர்ட்டோ அவரை அழைத்தபோது வயது 32. அணித் தலைவரும் கோல்கீப்பருமான ஹெல்ட்டன் அவரைவிட ஏழு மாதம்தான் இளையவர்!

அணி அப்போது அடிபட்டுக் கிடந்தது. 2009 வரை நான்கு வருடமும் தொடர்ந்து லீக் சாம்பியன். 2009-10இலோ பரம வைரியான பென்ஃபிகா பட்டம் வாங்க, பிராகா இரண்டாவது வர, போர்ட்டோ மூன்றாவது இடம். பென்ஃபிகாவின் லூஸ் மைதானத்துச் சுரங்கப்பாதையில் நடந்த கைகலப்புக்காக போர்ட்டோவின் முன்கள வீரர் ஹல்க் மாதக்கணக்கில் தடையில் இருந்ததும் அந்த சீசனில்தான். போதாக்குறைக்கு புரூனோ அல்வெஸ், ரவுல் மெய்ரெலெஸ் என்ற இரண்டு வீரர்களையும் விற்றுவிட்டார்கள். ஸ்போர்ட்டிங் கிளப்பின் தலைவர் 'அழுகிய ஆப்பிள்' என்று திட்டி அனுப்பிய ஜோவாவ் மொட்டீன்யோ வந்தார், அர்ஜென்டினாவிலிருந்து ஒட்டமெண்டியும் இளம் ஹாமெஸ் ரொட்ரீகஸும் வந்தார்கள்.

சீசனின் முதல் கோப்பை ஆகஸ்டிலேயே வந்துவிட்டது, சூப்பர் கப்பில் பென்ஃபிகாவை 2-0. ஆனால் எனக்கு அந்த சீசன் உண்மையில் தொடங்கியது நவம்பர் 7 அன்று. ஹல்க்கைத் தடுப்பதற்காக, நடுவில் ஆட வேண்டிய டேவிட் லூயிஸை இடது ஓரத்துக்கு நகர்த்தினார் பென்ஃபிகா பயிற்சியாளர். ஹல்க்குக்கு அது விருந்துக்கு இலை போட்ட மாதிரி ஆகிவிட்டது. ஓரத்தில் ஓடி அவர் கொடுத்த பந்தில் வரேலா முதல் கோல். இன்னொரு முன்கள வீரர் ஃபல்காவோ இரண்டு, ஹல்க் இரண்டு. 5-0. அந்தப் பக்கம் லூயிஸ் திரும்பித் திரும்பித் துரத்தியதைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

லீக்கில் 30 ஆட்டம், 27 வெற்றி, 3 டிரா, தோல்வி கிடையாது. இரண்டாவது வந்த பென்ஃபிகாவைவிட 21 புள்ளி அதிகம். தோற்காமல் பட்டம் வாங்கியது போர்ச்சுகலில் அதற்கு முன் ஒரே ஒரு முறைதான், 1972-73இல் பென்ஃபிகா.

பட்டம் உறுதியான இடம்தான் வேடிக்கை. ஏப்ரல் 3, இன்னும் ஐந்து சுற்று பாக்கி, அதே லூஸ் மைதானம். பென்ஃபிகா கோல்கீப்பரே பந்தைத் தன் வலைக்குள் தள்ளிக்கொண்டார், ஹல்க் பெனால்டியில் ஒன்று போட்டார், 2-1. போர்ட்டோக்காரர்கள் நடு மைதானத்தில் கட்டிப்பிடித்து ஆடத் தொடங்கியதும் விளக்குகளை அணைத்துவிட்டார்கள். பற்றாததற்குப் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாய்களையும் திறந்துவிட்டார்கள். இவர்கள் அசரவில்லை, இருட்டில் நனைந்துகொண்டே ஆடினார்கள். விருந்தோம்பலில் இதுவும் ஒரு வகை.

இரண்டே வாரம் கழித்து அதே இடத்தில் போர்ச்சுகல் கோப்பை அரையிறுதி. முதல் ஆட்டத்தில் சொந்த ஊரில் 0-2 தோற்றிருந்தவர்கள், இங்கே 3-1 அடித்தார்கள்; மொத்தம் 3-3 சமம் என்றாலும், எதிராளி ஊரில் அதிக கோல் போட்டவர்கள் என்ற கணக்கில் மேலே போனார்கள். இறுதியில் விட்டோரியா கிமராயிஷை 6-2.

ஐரோப்பிய கிளப்புகளின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக்கில் மொத்தமும் ஃபல்காவோ. ஸ்பார்ட்டாக் மாஸ்கோவுக்கு இரண்டு ஆட்டத்தில் பத்து கோல். வில்லாரியலுடன் அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் இடைவேளை வரை 0-1 பின்தங்கியிருந்ததால் சரி தூங்கலாம் என்று எழுந்தேன், நல்லவேளை தூங்கவில்லை. முடியும்போது 5-1, அதில் ஃபல்காவோ மட்டும் நான்கு.

மே 18, டப்ளின், இறுதி ஆட்டம். எதிரே அதே நாட்டின் பிராகா. அந்த அணியின் பயிற்சியாளர் யார் தெரியுமா? டொமிங்கோஸ் பசியேன்சியா! பையன் எந்த வீரருக்காகக் கடிதம் எழுதினானோ, அவரே எதிர்ப் பெஞ்சில். ஆட்டம் என்னவோ சுமார்தான். 44ஆவது நிமிடம் குவாரின் வலப்பக்கத்திலிருந்து தூக்கிப் போட்டார், ஃபல்காவோ எம்பித் தலையால் முட்டினார், அவ்வளவே. இடைவேளை முடிந்த கையோடு பிராகாவின் மொஸ்ஸொரோ தனியாக வந்தபோது ஹெல்ட்டன் காலால் தடுத்தார், அன்றைக்கு அவருக்குப் பிறந்தநாள். 33 வயதில் ஐரோப்பியக் கோப்பை வென்ற மிக இளைய பயிற்சியாளர் ஆனார் வில்லாஸ்-போவாஸ். நான்கு கோப்பை. லீக் கோப்பையில் மட்டும் ஜனவரியில் நாசியோனலிடம் சறுக்கி வெளியேறினார்கள், ஆகவே 'எல்லாம்' என்று சொல்ல முடியாது.

சரி, திறமை யாருடையது? 4-3-3 (பின்னால் நான்கு, நடுவில் மூன்று, முன்னால் மூன்று பேர்) அவர் கண்டுபிடித்ததல்ல, போர்ட்டோ முன்பே அப்படித்தான் ஆடியது. அவர் தற்காப்பு வரிசையை மேலே ஏற்றினார், பந்தை இழந்த இடத்திலேயே பறிக்கச் சொன்னார். பிறவியிலேயே போர்ட்டோ ரசிகர் என்பதால் பென்ஃபிகா என்றால் ஆட்டக்காரர்களைவிட அவருக்கு ரத்தம் கொதித்தது. அந்தச் சூடு அணிக்கும் ஏறியது என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஜூனில் செல்சி 1.5 கோடி யூரோ கொடுத்து அவரைக் கூட்டிப்போனது, அடுத்த மார்ச்சில் வீட்டுக்கு அனுப்பியது. போர்ட்டோவிலோ அவருடைய உதவியாளர் விட்டோர் பெரெய்ரா கிட்டத்தட்ட அதே அணியை வைத்து லீக்கை மறுபடி வென்றார். அப்படியானால் அணியின் பலம்தான் என்பீர்கள். ஆனால் அந்த வருடம் ஐரோப்பாவில் சாம்பியன்ஸ் லீக் குழுச் சுற்றோடு வெளியேறி, யூரோப்பா லீக்கில் மான்செஸ்டர் சிட்டியிடம் இரண்டு ஆட்டத்தில் 6-1 வாங்கினார்கள். பயிற்சியாளர் போனதாலா? அதே கோடையில் அட்லெட்டிகோவுக்குப் போன ஃபல்காவோ இல்லாததாலா? நான் ஃபல்காவோ கட்சி.