பாதைக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடலாமா?

கேள்வி: கயத்தாறு பக்கம் எங்கள் ஊர். ஊருக்குக் கிழக்கே ஏழு காத்தாடி (காற்றாலை) போட ஒரு கம்பெனி நிலம் பார்க்கிறது. ஒரு டவர் என் மச்சான் நிலத்தில் வருகிறது. அவருக்கு நல்ல தொகை. என்னிடம் 4 ஏக்கர் கரிசல் நடுவே பாதைக்கு மட்டும் கையெழுத்துக் கேட்கிறார்கள். ஊரில் பாதிப்பேர் "மழை போய்விடும், சத்தத்தில் தூங்க முடியாது" என்கிறார்கள். மீதிப்பேர் "வீடு தேடி வருகிற லட்சுமியைத் தடுக்காதே" என்கிறார்கள். அம்மன் கோயில் கொடையில்கூட மச்சானும் நானும் பேசிக்கொள்ளவில்லை. கையெழுத்துப் போடலாமா, ஐயா?

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். முடியாது என்றும் சொல்லாதீர்கள். "வரைபடம் கொண்டு வாருங்கள், பேசலாம்" என்று மட்டும் சொல்லுங்கள்.

டவர் நிலம் கொடுப்பவர்தான் முக்கியமானவர், பாதை நிலம் சும்மா ஒரு சடங்கு என்று ஊரில் நினைக்கிறார்கள். உண்மை தலைகீழ். இன்றைய காற்றாலையின் ஒரு இறக்கை ஏறக்குறைய 70 மீட்டர் நீளம். ஒரே துண்டாக வரும். அதைச் சுமந்த டிரெய்லரும் தூக்கி நிறுத்தும் கிரேனும் போக வழியில்லை என்றால் உங்கள் மச்சான் நிலத்தில் டவர் எழும்பவே எழும்பாது. ஆகவே பேரம் பேசும் பலம் உங்களிடம் இருக்கிறது. இது கம்பெனிக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் அவசரப்படுத்துகிறார்கள்.

பத்திரத்தைப் பார்ப்போம். இந்த மாதிரி ஒன்று ஒருமுறை என் மேசைக்கு வந்தது. பணம், தேதி, சாட்சி எல்லாம் பக்கம் பக்கமாக இருந்தது. பாதையைப் பற்றி ஒரே ஒரு வரி: "தேவையான இடங்களில் தேவையான அகலத்தில் பாதை அமைத்துக்கொள்ள சம்மதம்." யாருக்குத் தேவை, எவ்வளவு தேவை என்று எங்கும் இல்லை. அந்த வரியில் கையெழுத்துப் போட்டால் முழு நிலத்தையும் எழுதிக்கொடுத்த மாதிரிதான். உங்கள் பத்திரத்தில் சர்வே எண், புலப்படத்தில் (நிலத்தின் அளவு வரைபடத்தில்) சிவப்புக் கோடு, நீளம், அகலம் எல்லாம் மீட்டரில் இருக்க வேண்டும். 5 மீட்டர் அகலம், 200 மீட்டர் நீளம் என்றாலே 1,000 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 25 சென்ட். வளைவில் இறக்கை திரும்ப இன்னும் இடம் கேட்பார்கள். அதையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

கிரயமாகக் கொடுக்காதீர்கள். குத்தகையாகக் கொடுங்கள், பதிவு செய்யுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்பது 1908 பதிவுச் சட்டம். வாடகை வருடா வருடம் உயர வேண்டும். அதே பாதையில் உங்கள் மாட்டுவண்டியும் டிராக்டரும் போகும் உரிமையை எழுத்தில் வாங்குங்கள். புரோக்கர் "பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதிக்கொடுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அப்புறம் தண்ணீர். கரிசலில் இதுதான் பெரிய விஷயம், யாரும் பேசாத விஷயமும்கூட. கனரக வண்டி போக சரள் கொட்டி இரண்டடி உயர்த்துவார்கள். அந்த மேடு நிலத்தின் குறுக்கே கரை கட்டிய மாதிரி நிற்கும். ஐப்பசி மழையில் மேல் பக்கம் உளுந்து அழுகும், கீழ்ப் பக்கம் ஈரம் போதாது. எத்தனை இடத்தில் குழாய் பதிப்பார்கள், அடைத்தால் யார் தூர்வாருவார்கள் என்பது பத்திரத்தில் வர வேண்டும். இலங்கையின் மன்னார்த் தீவில் காற்றாலை எதிர்ப்பில் பலமாகக் கேட்ட குரல்களில் ஒன்று இந்த வடிகால் பிரச்சினைதான். பாதைக்காக மேடாக்கியதால் மழைநீர் போக வழியில்லாமல் ஊருக்குள் நிற்கிறது என்கிறார்கள் அங்குள்ளவர்கள். பாதை ஓடையைக் கடக்கிறதா என்றும் பாருங்கள். நீர்நிலைப் புறம்போக்கை எழுதிக்கொடுக்க உங்களுக்கோ உங்கள் மச்சானுக்கோ ஊர்ப் பெரியவருக்கோ உரிமை கிடையாது.

ஊர் பேசும் இரண்டு பயங்களில் மழை பற்றியதை விட்டுவிடலாம். ஆனால் அப்படிப் பேசுகிறவர்களைக் கேலி செய்யாதீர்கள். அவர்கள் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். காத்தாடி வேகமாகச் சுற்றுவது ஆனி, ஆடியில். அது தென்மேற்குப் பருவக்காற்று. மலையின் அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டுக் கணவாய் வழியாக உங்கள் பக்கம் வரும்போது வறண்ட காற்றாக வருகிறது. உங்களுக்கு மழை தருவது ஐப்பசி, கார்த்திகையின் வடகிழக்குப் பருவம்; அப்போது காத்தாடி மெதுவாகத்தான் சுற்றும். சுற்றினால் மழை இல்லை, நின்றால் மழை என்று தோன்றாமல் எப்படி இருக்கும்? காத்தாடி வருவதற்கு முன்னும் உங்கள் ஊர் ஆடி மாதம் இப்படித்தான் காய்ந்துகிடந்தது.

சத்தம் அப்படியல்ல, அது நிஜம். ஒன்றிய அரசின் 2016 வழிகாட்டு நெறிமுறை சத்தத்தை முன்னிட்டுக் குடியிருப்புக்கும் காற்றாலைக்கும் 500 மீட்டர் இடைவெளி சொல்கிறது. அந்தத் தூரத்தில் ஏறக்குறைய ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம்தான். ஆனால் விட்டு விட்டு வருவதால் ராத்திரியில் காதில் விழும். காட்டில் தனியாக இருக்கும் வீட்டுக்கு அந்த இடைவெளி பொருந்துமா என்று பின்னால் வாதம் வரும், அதனால் அப்படி வீடு உள்ளவர்கள் தூரத்தைத் தனியாக எழுதி வாங்குங்கள். பொதுச் சாலைக்கும் கட்டிடத்துக்கும் வேறு கணக்கு: டவர் உயரம், இறக்கை வட்டத்தின் விட்டத்தில் பாதி, கூட 5 மீட்டர். 140 மீட்டர் டவர், 144 மீட்டர் விட்டம் என்றால் 217 மீட்டர். டேப் வைத்து நீங்களே அளந்து பார்க்கலாம். குடியிருப்புப் பகுதியில் சத்தத்தின் வரம்பு பகலில் 55, இரவில் 45 டெசிபல். இது 2000ஆம் ஆண்டு விதி.

அனல்மின் நிலையம் வந்தால் கலெக்டர் வந்து ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்பார். காற்றாலைக்கு அந்தப் பொது விசாரணை கட்டாயமில்லை. 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கையில் காற்றாலை வரவில்லை. அதனால்தான் ஒவ்வொருவரையும் தனித்தனியாக வீட்டில் சந்தித்துப் பேச முடிகிறது. இவருக்கு இவ்வளவாம், அவருக்கு அவ்வளவாம் என்ற சந்தேகத்தில் சொந்தங்கள் முறுக்கிக்கொள்வதும் அதனால்தான். உங்கள் ஊர்ச் சண்டையின் வேர் காத்தாடி இல்லை என்பது என் கணிப்பு. பணம் ஏழு வீட்டுக்கு, புழுதியும் சத்தமும் எல்லா வீட்டுக்கும் என்பதுதான். ஜெர்மனியில் இதை உணர்ந்து, 2.5 கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள உள்ளாட்சிகளுக்கு ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 0.2 யூரோ சென்ட் வரை கம்பெனி கொடுக்கலாம் என்று சட்டத்திலேயே வைத்துவிட்டார்கள். இங்கே சட்டம் இல்லாவிட்டால் என்ன, ஒப்பந்தத்தில் கேட்கலாமே. ஊர்ப் பொதுவுக்கு வருடா வருடம் ஒரு தொகை, கிரேன் உடைக்கும் சாலைக்கு முன்பணம் என்று கேளுங்கள்.

தனியாகக் கேட்டால் கிடைக்காது. பாதை நிலக்காரர்கள் எல்லோரும் ஒரே தாளில் கேளுங்கள். அக்டோபர் 2 அன்று கிராமசபை இருக்கிறது; வரைபடத்தை அங்கே வைக்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். அதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் புலப்படத்தை மடித்து எடுத்துக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். சரள் மேட்டின் கீழ்ப் பக்கம் யார் வயல் இருக்கிறது என்று அவரோடு உட்கார்ந்து பாருங்கள்.