வட்டுச் செல்கள் நடுவில் ஏன் சாகின்றன?

கேள்வி: முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போலிருக்கும் வட்டின் செல்களை ஆல்ஜினேட் (கடற்பாசிப் பொருள்) ஜெல்லில் வளர்க்கிறோம். ஓரத்தில் பிழைக்கின்றன, நடுவில் சாகின்றன. ஆக்ஸிஜன் போதவில்லையா?
– ஆய்வு மாணவி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: முதலில் குளுக்கோஸைச் சந்தேகப்படுங்கள். வட்டின் மையத்தில் ரத்தக்குழாயே இல்லை. இச்செல்கள் பெரும்பாலும் ஆக்ஸிஜன் இல்லாமலே குளுக்கோஸை உடைத்து வாழ்பவை. ஆக்ஸிஜன் குறைந்தால், வட்டில் நீரைப் பிடித்துவைக்கும் புரோட்டியோகிளைக்கான் என்ற பொருளின் உற்பத்தி சரியும். உயிர் பல நாள் தாங்கும். குளுக்கோஸ் லிட்டருக்கு 0.5 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் சில நாளிலேயே சாவு. தேங்கும் லாக்டிக் அமிலம் அதை விரைவாக்கும்.

மில்லிலிட்டருக்கு எத்தனை செல் போட்டீர்கள்? இயல்பான வட்டு மையத்திலேயே சுமார் 40 லட்சம்தான். அதற்கு மேல் நெருக்கினால், பந்தியில் முதல் வரிசையிலேயே சோறு தீர்ந்த கதைதான். எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், ஜெல்லை மெல்லியதாக ஊற்றுங்கள், மீடியத்தை (செல்களுக்கான ஊட்டத் திரவத்தை) அடிக்கடி மாற்றுங்கள். மாற்றுமுன் நிறத்தைப் பாருங்கள்: அதிலுள்ள பீனால் ரெட் என்ற நிறங்காட்டிச் சாயம் மஞ்சளாகியிருந்தால் அமிலம் ஏறிவிட்டது.